ஆட்சி மாறியது, நம் வாசலில் என்ன மாறும்?

2018 மே 9-ஆம் தேதி இரவு நம்மில் பலர் தூங்கவில்லை. புதன்கிழமை அது. தொலைக்காட்சியில் முடிவுகள் ஆமை வேகத்தில் வந்தன. கைப்பேசியில் குதிரை வேகத்தில் வந்தன. எது உண்மை, எது வதந்தி என்று தெரியாமல் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் விடிய விடிய விளக்கு எரிந்தது. நாடு சுதந்திரம் பெற்று 61 ஆண்டுகளில் முதன்முறையாக மத்திய அரசு கைமாறியது. மறுநாள் இரவு துன் மகாதீர் பதவியேற்றபோது பட்டாசு வெடித்த இடங்களும் உண்டு.

2022 நவம்பர் 24-ஆம் தேதி மாலை டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் நாட்டின் 10-ஆவது பிரதமராகப் பதவியேற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர்கள் பலர் எதிர்பார்த்திருந்த நாள் அது. நான் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் ஒட்டுக்கடையிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. சிலர் கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால், பட்டாசு இல்லை. பத்து நிமிடத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்தக் கடைக்குத் தினமும் வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியான பிறகு மகன் வீட்டில், அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருக்கிறார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "யாரு வேணாம்னு 2008-லேருந்து ஓட்டுப் போட்டோமோ, இப்ப அவங்களும் சேர்ந்துதான் அரசாங்கத்துல உட்கார்ந்திருக்காங்க. அப்ப நம்ம போட்ட ஓட்டு எங்க தம்பி போச்சு?"

என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அமைச்சரவையும் துணையமைச்சர்கள் பட்டியலும் வெளிவந்து, பாடாங் செராய் முடிவும் தெரிந்துவிட்ட நிலையில் அந்தக் கேள்விக்குப் பதில் தேட முயல்கிறேன்.

எண்கள் சொல்லும் கதை

மொத்தம் 222 நாடாளுமன்றத் தொகுதிகள். ஆட்சி அமைக்க 112 வேண்டும். பக்காத்தான் ஹராப்பானுக்கு 82, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 73, தேசிய முன்னணிக்கு 30. எந்த அணிக்கும் பெரும்பான்மை இல்லை. நாட்டின் வரலாற்றில் இப்படி நடந்தது இதுவே முதல் முறை. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு மாமன்னரின் ஆலோசனைப்படி ஒற்றுமை அரசாங்கம் அமைந்தது. அதில் தேசிய முன்னணியும் சரவாக், சபா கட்சிகளும் இடம்பெற்றுள்ளன.

ஆகவே, பெரியவரின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: யாருடைய ஓட்டும் காணாமல் போகவில்லை. எந்த அணிக்கும் தனியாக ஆளும் உரிமையை மக்கள் தரவில்லை. அவ்வளவுதான். 2018-இல் 79 இடங்கள் வைத்திருந்த தேசிய முன்னணி இப்போது 30-க்கு இறங்கியிருக்கிறது. அந்த வகையில் 'வேண்டாம்' என்று போட்ட ஓட்டு வேலை செய்திருக்கிறது. ஆனால், 'யார் வேண்டும்' என்பதில் நாடு மூன்றாகப் பிரிந்தது. வேண்டாம் என்று சொன்னவர்களின் கையில்தான் கடைசியில் சாவி இருந்தது.

இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேறு வழி என்ன இருந்தது என்றும் அவர்கள் சொல்ல வேண்டும். பாஸ் கட்சி இம்முறை நாடாளுமன்றத்தில் தனிப்பெரும் கட்சியாக எழுந்திருக்கிறது. நம்மவர்கள் பலரின் மனத்தில் இருந்த பயம் அதுதான். நவம்பர் 19-க்கும் 24-க்கும் இடைப்பட்ட நாள்களில் நம் குடும்பக் குழுக்களில் பரவிய செய்திகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 'அம்னோவோடு சேரலாமா' என்ற கேள்வியைவிட 'எப்படியாவது சேர்ந்து தொலையுங்கள்' என்ற வேண்டுதலே அதிகம் இருந்தது.

2018-இன் மகிழ்ச்சி ஏன் கரைந்தது?

இம்முறை பட்டாசு வெடிக்காததற்குக் காரணம் கூட்டணி மட்டும் அல்ல. ஒருமுறை ஏமாந்தவனுக்கு வரும் நிதானமும் அதில் இருக்கிறது.

2018-இல் நமக்கு நிறையச் சொல்லப்பட்டது. பக்காத்தானின் தேர்தல் அறிக்கையில் இந்தியர்களுக்கென்று தனிக் கடப்பாடே இருந்தது. ஜிஎஸ்டி வரி ஜூன் 1-ஆம் தேதி பூச்சிய விழுக்காடானது. அதை மறுக்க முடியாது. மளிகைக்கடை ரசீதில் அதைக் கண்ணால் பார்த்தோம். அமைச்சரவையில் எம். குலசேகரன், கோபிந்த் சிங் டியோ, டாக்டர் சேவியர் ஜெயக்குமார், பி. வேதமூர்த்தி என நான்கு இந்தியர்கள் முழு அமைச்சர்களாக அமர்ந்தார்கள். அதற்கு முன் நாம் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு வந்தவை நினைவிருக்கும். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு ஆலயத்தில் நடந்த கலவரம். ஒரு தீயணைப்பு வீரரின் உயிர் போனது. இரு சமூகங்களிடையே காயம் விழுந்தது. 2019-இல் தாய்மொழிப் பள்ளிகளில் ஜாவி எழுத்து பற்றிய சர்ச்சை. அதே ஆண்டு அக்டோபரில் சொஸ்மா சட்டத்தின்கீழ் 12 பேர் கைது. அவர்களில் இருவர் ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள். நான்கு மாதம் கழித்து வழக்கு கைவிடப்பட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களின் ஆட்சியிலேயே அந்தச் சட்டம் நம்மவர்கள்மீது பாய்ந்தது. அந்தத் தீபாவளியை அக்குடும்பங்கள் எப்படிக் கழித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் அந்த ஆட்சியே கவிழ்ந்தது. 22 மாதங்கள். மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றிய அரசாங்கத்தை, கட்சி தாவியவர்கள் இறக்கினார்கள். அதன்பின் டான்ஸ்ரீ முகிதீன், டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி என்று தேர்தல் இல்லாமலேயே இரண்டு பிரதமர்கள் வந்தார்கள். நடுவில் கோவிட். வேலை போனவர்கள் ஊழியர் சேமநிதியில் இருந்த பணத்தை எடுத்துச் சாப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் வெள்ளம் வந்து ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். உதவி வருவதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் படகோடு போய் நின்றார்கள். அரசாங்கம் என்பது எங்கோ தொலைவில் இருப்பது என்ற எண்ணம் அப்போது பலருக்கு உறுதிப்பட்டது.

2018-இல் 82 விழுக்காட்டுக்கு மேல் இருந்த வாக்களிப்பு இம்முறை 74 விழுக்காட்டை ஒட்டி நின்றது. ஓட்டுரிமை வயது 18 ஆக்கப்பட்டு, தானாகவே பெயர் பதியும் முறையும் வந்ததால் வாக்காளர் எண்ணிக்கை 1 கோடியே 49 இலட்சத்திலிருந்து 2 கோடியே 11 இலட்சமாக உயர்ந்தது. அதில் முதல்முறை ஓட்டுப் போட்ட நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2018-இல் நாடே கொண்டாடிய துன் மகாதீர் லங்காவியில் வைப்புத்தொகையை இழந்தார். நான்கரை ஆண்டில் காலம் இவ்வளவு புரண்டுவிட்டது.

பாடாங் செராய் கற்றுத் தந்த பாடம்

இந்தத் தேர்தலில் நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டிய தொகுதி கெடாவில் உள்ள பாடாங் செராய். கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த தொகுதி. வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர். 2008-இல் என். கோபாலகிருஷ்ணன், 2013-இல் என். சுரேந்திரன், 2018-இல் எம். கருப்பையா என மூன்று முறை தொடர்ந்து பிகேஆர் கட்சியின் இந்திய வேட்பாளர்கள் அங்கே வென்றார்கள். தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கும்போது கருப்பையா காலமானதால் வாக்களிப்பு டிசம்பர் 7-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

அதற்குள் மத்தியில் ஒற்றுமை அரசாங்கம் அமைந்துவிட்டது. தேசிய முன்னணி வேட்பாளரான ம.இ.கா.வின் சி. சிவராஜ், பக்காத்தானுக்கு வழிவிட்டுப் போட்டியிலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். அப்படியும் பெரிக்காத்தான் வேட்பாளர் 16,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இதில் என்ன பாடம்? 'இந்தியர் ஓட்டுதான் வெற்றியைத் தீர்மானிக்கும்' என்று 2008 முதல் ஒவ்வொரு மேடையிலும் கேட்டு வருகிறோம். நாட்டின் மக்கள் தொகையில் நாம் ஏறத்தாழ 7 விழுக்காடு. இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. மற்றவர்களின் ஓட்டு இரண்டாகப் பிரிந்து சமமாக நிற்கும்போதுதான் நம் ஓட்டு தராசின் முள்ளாகிறது. மலாய்க்காரர்களின் ஓட்டு ஒரே பக்கம் திரண்டுவிட்டால், நாம் நூற்றுக்கு நூறு ஒன்றுசேர்ந்தாலும் முள் அசையாது. பாடாங் செராயில் அதைத்தான் பார்த்தோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022-இல் மனித வள அமைச்சரான வி. சிவகுமார், பத்து காஜா தொகுதியின் உறுப்பினர். அங்கே பெரும்பான்மை வாக்காளர்கள் சீனர்கள். துன் சம்பந்தன் காலத்திலிருந்து நம் தலைவர்களின் கோட்டையாகப் பேசப்பட்ட சுங்கை சிப்புட்டில்கூட இந்தியர்கள் பெரும்பான்மை இல்லை. 34 ஆண்டு அங்கே உறுப்பினராக இருந்த துன் சாமிவேலு 2008-இல் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றதும், இம்முறை ம.இ.கா. தேசியத் தலைவர் டான்ஸ்ரீ விக்னேஸ்வரன் அங்கே தோற்றதும் எல்லா இனத்தவரும் போட்ட ஓட்டால்தான். நம்மவர் ஒருவர் நாடாளுமன்றம் போக வேண்டுமானால் அடுத்தவர் ஓட்டும் வேண்டும். இந்த நாட்டில் நம் அரசியலின் கணக்கு அதுதான்.

நான்கு அமைச்சர், ஓர் அமைச்சர்

2018-இல் நான்கு முழு அமைச்சர்கள், 2022-இல் ஒருவர். அப்போதைய துணையமைச்சர்கள் பட்டியலில் ராம்கர்ப்பால் சிங்கும் சரஸ்வதி கந்தசாமியும் இருந்தார்கள். தாப்பாவில் டத்தோஸ்ரீ சரவணனை மட்டும் வெல்லவைத்த ம.இ.கா.வுக்கு அமைச்சரவையில் இடமில்லை. 'ஒரே ஒருவர்தானா' என்ற வருத்தம் நம் மக்களிடம் வெளிப்படையாகவே இருந்தது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கொடுத்தோம், இதுதானா மரியாதை என்று கேட்டார்கள். அந்த விழுக்காட்டை யார் எண்ணினார்கள் என்று தெரியாது. ஆனால், வருத்தம் உண்மை.

அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமைச்சரவையில் நம் குரல் இருக்க வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் இருந்தபோது நம் வாசலில் எவ்வளவு மாறியது? சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த பாட்டிகளின் அலைச்சல் தீர்ந்ததா? பெஸ்தாரி ஜெயாவில் ஐந்து தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுக்குக் காத்திருந்தார்களே, அவர்கள் கையில் சாவி கிடைத்ததா?

காரணத்தைத் தேடினால் ஓர் உண்மை தெரியும். நம் பிரச்சினைகள் எந்த அமைச்சின் மேசையில் இருக்கின்றன என்று பாருங்கள். குடியுரிமையும் பிறப்புப் பத்திரமும் தேசியப் பதிவிலாகாவில் இருக்கின்றன. அது உள்துறை அமைச்சின் கீழ் வருகிறது. தமிழ்ப்பள்ளிகள் கல்வி அமைச்சின் கீழ். நிலமோ மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. பிரதமரே நினைத்தாலும் மாநில அரசைத் தாண்டிக் கோயிலுக்கோ பள்ளிக்கோ ஒரு துண்டு நிலத்தை எழுதித் தர முடியாது. மனித வள அமைச்சரின் கையில் உள்ளவை குறைந்தபட்சச் சம்பளம், தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், சொக்சோ, திறன் பயிற்சி முதலியவை.

அப்படியானால், நாம் எல்லாவற்றுக்கும் ஓர் இந்திய அமைச்சரின் வாசலில் போய் நிற்பதும், அவர் இன்னொரு அமைச்சருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதும் எவ்வளவு நாளைக்கு? பழைய காலத்தில் கங்காணியிடம் சொன்னால் அவர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். அந்தப் பழக்கம் தோட்டத்தை விட்டு வந்த பிறகும் நம்மை விடவில்லை. உள்துறை அமைச்சரும் கல்வி அமைச்சரும் நமக்கும் அமைச்சர்கள்தாம். மாநில மந்திரி புசாரும் நமக்கும் மந்திரி புசார்தான். கேள்வியை நேராக அங்கே கேட்க வேண்டும்.

அந்த ஓர் அமைச்சரிடம் கேட்க வேண்டியதும் இருந்தது. 2022 மே 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் ஆனது. இன்னும் தோட்டங்களில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும், பாதுகாவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் குத்தகை நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கும் அது முழுதாகக் கிடைத்ததா? 2009-இல் பேரா சட்டமன்றத்திலிருந்து சபாநாயகராக இருந்தபோதே இழுத்து வெளியேற்றப்பட்டவர் சிவகுமார். அதிகாரம் இல்லாதவனை அதிகாரம் எப்படி நடத்தும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அனுபவம் தொழிலாளர் பக்கம் நிற்கட்டும் என்று எதிர்பார்த்தோம்.

மித்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்ட அமைப்பு அது. ஊழல் தடுப்பு ஆணையத்தின் விசாரணைக்கும் உள்ளானது. எந்தக் கட்சி ஆட்சியில் அந்தப் பணம் எங்கே போனது என்று ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டுவது போதும். எந்த அமைப்புக்கு எவ்வளவு, எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் பாதிச் சந்தேகம் அன்றே தீரும். அரசாங்கம் நம்மிடம் நல்ல பெயர் எடுக்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

அடுத்த ஓட்டு அருகில் இருக்கிறது

'இனி ஐந்து வருடம் கழித்துத்தானே' என்று உட்கார்ந்துவிட வேண்டாம். சிலாங்கூர், பினாங்கு, நெகிரி செம்பிலான், கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய ஆறு மாநிலங்கள் இம்முறை சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை. அங்கெல்லாம் 2023-இல் தேர்தல் நடந்தது. முதல் நான்கு மாநிலங்களில் நம்மவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். கோயில் நிலம், பள்ளி நிலம், தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு வீட்டு மனை, மின்சுடலை, இடுகாடு என எல்லாம் மாநில அரசின் கையில் இருப்பவை. நாடாளுமன்றத் தேர்தலைவிட நம் அன்றாட வாழ்க்கையை அதிகம் தொடுவது மாநிலத் தேர்தல்தான். அடுத்த தேர்தலுக்குள் மூன்று வேலைகளை நாம் செய்யலாம்.

முதலாவது, பிள்ளைகளின் முகவரி. தானாகப் பதியும் முறையில் அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படியே வாக்குச்சாவடி அமையும். தோட்டத்தை விட்டு வந்து பத்து ஆண்டு ஆன குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்னும் பழைய தோட்ட முகவரியில் இருக்கிறார்கள். நவம்பர் 19-ஆம் தேதி பேருந்துக் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் உண்டு. இப்போதே பதிவிலாகாவுக்குப் போய் மாற்றுங்கள்.

இரண்டாவது, கோரிக்கை. 'நம் சமூகத்தைக் கவனியுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இந்தப் பள்ளிக்கு இவ்வளவு நிலம், இந்தத் தோட்டத்தில் இத்தனை குடும்பங்களுக்கு வீடு, இந்த வட்டாரத்தில் பத்திரம் இல்லாத இத்தனை பிள்ளைகள் என்று பெயரும் எண்ணும் போட்டு எழுதிக் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆலய நிர்வாகமும் சேர்ந்தால் இது ஒரு மாத வேலை.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர். நம் ஓட்டு தனியாக முள்ளை அசைக்காது என்பதைப் பாடாங் செராயில் பார்த்தோம். குறைந்த சம்பளமும் ஒழுகும் அடுக்குமாடியும் பழுதான மின்தூக்கியும் நமக்கு மட்டும் உள்ளவை அல்ல. அதே மாடியில் இருக்கும் மலாய்க் குடும்பத்துக்கும் அதே குறைதான். சேர்ந்து போய்க் கேட்டால் அது 'இந்தியர் பிரச்சினை' என்று ஒதுக்கப்படாது. பயத்தால் போடப்படும் ஓட்டுகள் எதிரெதிர்ப் பக்கம் போகின்றன. குறையைச் சொல்லிப் போடப்படும் ஓட்டுகள் ஒரே பக்கம் வர வாய்ப்பு உண்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரை மறுபடியும் பார்த்தேன். நான் எழுதப் போவதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி தம்பி, ஓட்டு எங்கயும் போகலைன்னே வச்சுக்குவோம். எங்க பிளாட்ல லிப்ட் ஓடி நாலு மாசம் ஆச்சு. அது எந்த மந்திரி மேசையில இருக்கு?" என்று கேட்டார்.

நகராண்மைக் கழகத்திலும் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்திலும் கேட்க வேண்டியது என்றேன். புகாரை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். தன் மாடியில் இருக்கும் பதினாறு வீடுகளிலும் கையெழுத்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதினாறில் ஒன்பது மலாய்க்காரர் வீடுகளாம். முதல் கையெழுத்தை அங்கேயே வாங்கப் போகிறாராம்.